நெடும்பயணத்துக்கு முன் மோட்டார் டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும்?

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, விடியற்காலை நான்கு மணிக்கு ஜொகூர் பாருவிலிருந்து புறப்படும் ஒரு கப்சாய் மோட்டாரை நினைத்துப் பார்க்கலாம். ஓட்டுபவர் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். பின்னால் மனைவி. இருவருக்கும் நடுவில் ஒரு துணிப்பை, முன் கூடையில் பலகார டின், மனைவியின் முதுகில் இன்னொரு பை. சுங்கைப்பட்டாணி வரை ஏறக்குறைய 700 கிலோமீட்டர். சங்கிலிக்கு எண்ணெய் விட்டாயிற்று, பிரேக் பார்த்தாயிற்று, பெட்ரோலும் நிரப்பியாயிற்று. கடைசியாகப் பின் டயரைக் கட்டை விரலால் ஒரு முறை அழுத்திவிட்டு, "கட்டியாத்தான் இருக்கு" என்று வண்டியைக் கிளப்பிவிடுகிறார்.

கட்டை விரலுக்கு அது தெரியாது. 33 பிஎஸ்ஐ காற்று உள்ள கப்சாய் டயரும் 22 பிஎஸ்ஐ மட்டுமே உள்ள டயரும் விரலுக்கு ஒரே மாதிரிக் கட்டியாகத்தான் இருக்கும். வீட்டிலிருந்து வேலைக்குப் பத்து கிலோமீட்டர் தனியாகப் போகும்போது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். இரண்டு பேர், சுமை, நண்பகல் வெயில், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் எல்லாம் ஒன்று சேரும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் கதை வேறு. மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போகிறவர்கள். அத்தனைக்கும் டயர் காரணமல்ல. ஆனால் புறப்படுமுன் ஐந்து நிமிடத்தில், செலவே இல்லாமல் சரிசெய்யக்கூடிய ஆபத்துகளில் இது ஒன்று.

எந்த எண்ணை நம்புவது

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் பிஎஸ்ஐ எண்ணைப் பார்த்து அதன்படி காற்று அடிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. இது தவறு. அந்த எண், இன்ன எடையைத் தாங்க இந்த டயர் ஏற்கும் உச்ச அழுத்தம். டயர் செய்தவருக்கு அது எந்த மோட்டாரில் மாட்டப்படும் என்று தெரியாது. அதே டயர் மெலிந்த கப்சாயிலும் ஏறும், கனமான வண்டியிலும் ஏறும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்லக்கூடியவர் மோட்டாரைத் தயாரித்தவர்தான். அவர் சொன்ன எண் கையேட்டில் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் சங்கிலி மூடியிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் கையிலோ ஒட்டப்பட்ட சின்ன ஸ்டிக்கரிலும் இருக்கும். வருடக்கணக்கில் சேறு படிந்து, பட்டறையில் கழுவிக் கழுவி, பல பழைய வண்டிகளில் அந்த ஸ்டிக்கர் இன்று காணாமல் போயிருக்கும். அப்படியானால் கையேட்டைப் பார்க்கலாம், அல்லது அந்தத் தயாரிப்பை விற்கும் கடையில் கேட்டு எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளலாம். அதை இருக்கைக்கு அடியில் பெயிண்டால் எழுதி வைப்பவர்களும் உண்டு. நல்ல பழக்கம்.

அந்த ஸ்டிக்கரில் பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கப்சாய்களுக்கு அதில் இரண்டு வரி உண்டு: ஓட்டுபவர் மட்டும் இருந்தால் ஒன்று, பின்னால் ஆள் ஏறினால் இன்னொன்று. ஹோண்டா வேவ் வகை வண்டிகளை எடுத்துக்கொண்டால், தனியாகப் போகும்போது முன்னால் 29 பிஎஸ்ஐ, பின்னால் 33. பின்னால் ஒருவர் ஏறினால் முன்னால் அதே 29தான். பின் சக்கரம் மட்டும் 41க்குப் போகிறது. எட்டு பிஎஸ்ஐ வித்தியாசம். ஆண்டு முழுவதும் தனியாக வேலைக்குப் போய் வருகிறவர் 33 என்ற ஒரே எண்ணைத்தான் மனப்பாடமாக வைத்திருப்பார். மனைவியோடு ஊருக்குப் புறப்படும் நாளில்தான் அந்த இரண்டாவது வரி தேவைப்படுகிறது. அன்றைக்குத்தான் அது நினைவுக்கு வருவதில்லை.

பின்னால் ஆள் ஏறும்போது ஏன் பின் டயர் மட்டும்? ஏறுகிறவரின் எடையும் பெட்டி எடையும் பெரும்பகுதி பின் அச்சின் மேல்தான் விழுகிறது. முன் சக்கரத்தின் சுமை அதிகம் மாறுவதில்லை. சில வேளைகளில் குறையவும் செய்யும். எனவே இரண்டு டயரிலும் ஒன்று போல ஏற்றுவது வேண்டாத வேலை. முன் டயர் தேவைக்கு மேல் கட்டியானால் ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது பிடிப்பு குறைந்துவிடும்.

பெரிய மோட்டாரில் நெடும்பயணம் போகிறவர்களுக்கு எண்கள் வேறு. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் வண்டிக்கு முன்னால் 2.5 பார், பின்னால் 2.9 பார், அதாவது 36, 42 பிஎஸ்ஐ. ஹோண்டா கோல்ட்விங் 1800க்கு முன்னால் 36, பின்னால் 41. கவாசாக்கி வெர்சிஸ் 650க்கு முன்னால் 225 கிலோபாஸ்கல், பின்னால் 250; ஏறக்குறைய 33, 36. இவ்வகை வண்டிகள் சிலவற்றில் தனியாகப் போனாலும் சுமையோடு போனாலும் ஒரே எண்தான் கொடுத்திருப்பார்கள். பட்டணத்துக்குள் ஓட்டும்போது குலுக்கல் குறையட்டும் என்று அதிலிருந்து நான்கைந்து பிஎஸ்ஐ குறைத்து வைத்திருப்பவர்கள், பக்கப்பெட்டிகளை மாட்டி ஹாட்யாய்க்கோ பெத்தோங்குக்கோ கிளம்பும்போது அதைத் திரும்ப ஏற்ற மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

அளவுக் குறிகளும் கொஞ்சம் குழப்பும். பழைய தலைமுறை பிஎஸ்ஐயில் பேசுகிறது. எண்ணெய் நிலையத்து டிஜிட்டல் பம்பு பல இடங்களில் கிலோபாஸ்கலில் காட்டுகிறது. ஐரோப்பிய வண்டியின் கையேடு பாரில் பேசுகிறது. 100 கிலோபாஸ்கல் என்பது ஒரு பார், அது 14.5 பிஎஸ்ஐ. கப்சாய்க்காரருக்குத் தேவையான மூன்று எண்களை மனத்தில் வைத்தால் போதும்: 200 என்றால் 29, 225 என்றால் 33, 280 என்றால் 41.

சூடேறாத டயரில் பார்ப்பது

இந்த எண்கள் எல்லாமே டயர் குளிர்ந்திருக்கும்போது உள்ளவை. குளிர்ந்த டயர் என்றால் குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல், வெயில் படாமல் நின்றது. ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி எண்ணெய் நிலையத்துக்குப் போனால் பரவாயில்லை. பத்து கிலோமீட்டர் தாண்டிவிட்டால் அது சூடான டயர்.

வெயிலில் நிறுத்திய வண்டியும் அப்படித்தான். லயத்து வாசலிலோ அடுக்குமாடிக் கீழ்த்தளத்திலோ நிழலில் நின்ற டயரில் 33 காட்டினால், அதே டயர் பகல் வெயிலில் கிடந்து 45 பாகைக்குச் சூடேறியபின் 35க்கு மேல் காட்டும். காற்று யாரும் அடிக்கவில்லை. உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரியப் பார்க்கிறது, டயர் இடம் கொடுப்பதில்லை, அழுத்தம் ஏறுகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு ஆறு பாகை சூட்டுக்கும் ஒரு பிஎஸ்ஐ என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே அளக்கச் சரியான நேரம் புறப்படும் நாள் விடியற்காலை. அதற்குச் சொந்தமாக ஒரு அளவி வேண்டும். பேனா போன்ற சின்ன அளவியோ, எண் காட்டும் டிஜிட்டல் அளவியோ உதிரிப்பாகக் கடைகளில் சில பத்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். எண்ணெய் நிலையத்துப் பம்பைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு நாளைக்கு நூறு பேர் கையில் படும் கருவி அது, கீழே விழும், மழையில் நனையும். ஒரு நிலையத்தில் 33 காட்டும் டயர் அடுத்த நிலையத்தில் 30 காட்டுவது புதிதல்ல. எப்போதும் ஒரே அளவியால் பார்த்தால், அந்த அளவியே ஒரு பிஎஸ்ஐ முன்பின் இருந்தாலும், டயரில் காற்று இறங்குகிறதா என்பது தவறாமல் தெரிந்துவிடும்.

அந்தப் பம்பில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. முன்னால் வந்த காருக்கு வைத்த எண் அப்படியே நிற்கும். கூட்டல், கழித்தல் பொத்தான்களை அழுத்தி உங்கள் எண்ணை வைத்த பிறகே குழாயை மாட்ட வேண்டும். பின் டயருக்கு வைத்த 280ஐ மாற்றாமல் முன் டயரிலும் மாட்டிவிடுவது அவசரத்தில் நடப்பதுதான். கப்சாய் டயருக்குள் இருக்கும் காற்றின் அளவு கார் டயரை விட மிகக் குறைவு. குழாயைப் பிடுங்கும்போது "புஸ்" என்று போகும் கொஞ்சக் காற்றே ஒன்றிரண்டு பிஎஸ்ஐயைக் குறைத்துவிடும். அதனால் ஒரு துளி கூடுதலாக அடித்துவிட்டு, சொந்த அளவியால் பார்த்து இறக்கிக்கொள்வது சுலபம். பெரிய மோட்டாரில் பிரேக் தட்டு இடிப்பதால் பம்பின் நீண்ட தலை வால்வில் உட்காராது. வளைந்த வால்வு ஒன்றை டயர் மாற்றும்போதே போடச் சொன்னால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

நடுவழியில் காற்றை இறக்கலாமா

கூடாது. ஆனால் இந்தத் தப்பைத்தான் அக்கறையுள்ளவர்களே அதிகம் செய்கிறார்கள்.

பகல் ஒரு மணிக்கு ஓர் ஓய்விடத்தில் நிறுத்துகிறார்கள். வெயிலில் தார்ச்சாலை கொதிக்கிறது, டயர் கைவைக்க முடியாத சூட்டில் இருக்கிறது. பம்பில் மாட்டிப் பார்த்தால், காலையில் 33 வைத்த டயர் 38 காட்டுகிறது. "காத்து ஏறிப் போச்சு, வெடிச்சிடும்" என்று பயந்து ஐந்து பிஎஸ்ஐ இறக்கிவிடுகிறார்கள். மனம் நிம்மதியாகிறது. மறுநாள் காலை ஊரில் டயர் குளிர்ந்து 25 பாகைக்கு வந்தபின் அதே டயரில் இருப்பது 28தான். அந்த 28 பிஎஸ்ஐயோடு மூன்று நாள் ஊர் சுற்றி, மனைவியை ஏற்றிக்கொண்டு திரும்புகிறார்கள்.

உண்மையில் ஏறிய அந்த ஐந்து பிஎஸ்ஐ கணக்கில் சேர்த்ததுதான். மோட்டார் தயாரிப்பாளர் 33 என்று சொல்லும்போதே, ஓடும்போது அது 37, 38 ஆகும் என்று தெரிந்துதான் சொல்கிறார். டயர் வெடிப்பது பெரும்பாலும் காற்று குறைந்ததால். கூடியதால் வெடிப்பது அபூர்வம். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் மடிந்து மடிந்து நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளையும் இடம் சூடேறுவது போல, அந்த மடிப்பில் சூடு பிறக்கிறது. சுமை கூடினால் மடிப்பும் கூடும், வேகம் கூடினால் ஒரு நிமிடத்தில் மடியும் தடவையும் கூடும். ஒரு கட்டத்தில் ரப்பரும் உள்ளிருக்கும் நூல் அடுக்கும் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன.

பால் மரம் வெட்டிய குடும்பங்களுக்கு ரப்பரின் குணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் 1888ஆம் ஆண்டு காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற டன்லப்பின் பெயரைத் தாங்கிய நிறுவனம் பின்னாளில் மலாயாவிலேயே ரப்பர்த் தோட்டங்களை வைத்திருந்தது. அங்கே பால் எடுத்தவர்களில் பலர் தமிழர்கள். அந்தக் காலத்து ரப்பரும் சரி, இன்றைய டயரும் சரி, அளவுக்கு மீறிய சூட்டுக்குத் தாங்காது.

நெடும்பயணக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. குளிர்ந்த டயரில் வைத்த அழுத்தம், நன்றாக ஓடிச் சூடானபின் ஏறக்குறைய பத்து விழுக்காடு ஏறியிருந்தால் வைத்த அளவு சரி. 36 வைத்தது 39, 40 காட்டினால் நல்லது. அதைவிட மிக அதிகமாக, 43, 44 என்று ஏறியிருந்தால் டயர் தேவைக்கு மேல் சூடாகிறது என்று பொருள். அதாவது காலையில் வைத்தது குறைவு அல்லது ஏற்றிய சுமை அதிகம். இந்த இடத்தில் பலருக்கு மூளை குழம்பும். சூட்டில் அழுத்தம் மிக அதிகமாக ஏறினால், மறுநாள் காலையில் காற்றைக் கூட்ட வேண்டும்; குறைக்கக் கூடாது. நம் நண்பகல் வெயிலில் சாலையே டயரைச் சூடேற்றிவிடுவதால், பத்துக்குப் பதில் பதினைந்து விழுக்காடு காட்டினாலும் பதற வேண்டியதில்லை.

ஓய்விடத்தில் பார்க்கும்போது காலையில் வைத்ததைவிடக் குறைவாகக் காட்டினால் மட்டும் கவலைப்பட வேண்டும். சூடான டயர் 33க்குப் பதில் 30 காட்டுகிறது என்றால் எங்கேயோ கசிகிறது. ஆணி, வால்வு, ரிம் ஓரம் என்று தேட வேண்டும். உடனே பட்டறை இல்லையென்றால், குளிர்ந்த அளவுக்கு மேல் மூன்று நான்கு பிஎஸ்ஐ சேர்த்து, அதாவது 36, 37 வரை அடித்து, அடுத்த நகரம் வரை மெதுவாகப் போகலாம். வழி நெடுக நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பெரிய பிஎம்டபிள்யூ மோட்டார்களில் டயர் அழுத்தத்தைத் திரையில் காட்டும் வசதி உண்டு. அது டயரின் சூட்டைக் கழித்து, 20 பாகையில் எவ்வளவு இருக்குமோ அதைக் காட்டுகிறது. அதனால் சூடான டயரைப் பம்பில் மாட்டினால் பம்பு 49 என்றும் திரை 42 என்றும் காட்டும். இரண்டும் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் விடியற்காலையே 25 பாகை இருப்பதால், கை அளவி திரையைவிட ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவதும் இயல்பு. வேறு தயாரிப்புகளில், கடையில் வாங்கி வால்வில் திருகும் மூடி வகைக் கருவிகளில், சூட்டைக் கழிக்கும் கணக்கு இல்லாமல் இருக்கலாம். தன் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் திரையை மட்டும் நம்பினால் தப்பான முடிவுக்கு வர நேரும்.

கேமரன் மலை ஏறும்போது

தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறும் பாதையில், மேலே போகப் போகக் காற்று லேசாகிறது என்பதால் டயரில் மாற்றம் செய்ய வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. தேயிலைத் தோட்டங்களில் உறவினர் உள்ள குடும்பங்கள் அடிக்கடி போய்வரும் பாதை அது.

கணக்குப் போட்டால் வேடிக்கையாக இருக்கும். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கீழே இருப்பதைவிட 2 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேல் குறைவு. வெளியே குறைந்தால் அளவியில் அந்த அளவு கூடுதலாகக் காட்டும். ஆனால் கீழே 32 பாகை வெயில். மேலே மாலையில் 18 பாகை. அந்தக் குளிர் டயரின் அழுத்தத்தை 2 பிஎஸ்ஐக்குச் சற்று மேல் இறக்கிவிடுகிறது. ஒன்று ஏற்றியதை இன்னொன்று இறக்கிவிட, தாப்பாவில் 33 வைத்த டயர் குளிர்ந்தபின் தானா ராத்தாவிலும் 33தான் காட்டும். ஆகவே ஒன்றும் செய்ய வேண்டாம். ஏறி முடித்த உடனே சூடான டயரை அளந்துவிட்டு "மேலே வந்ததால் ஏறிவிட்டது" என்று இறக்கிவிடுவதுதான் தப்பு. வளைவு வளைவாக இறங்கும்போது காற்று குறைந்த முன் டயர் திரும்பக் கனக்கும்.

மழைக்காகக் காற்றைக் குறைப்பதும் அதே போன்ற தவறான பழக்கம். டயர் அகன்று படிந்தால் பிடிப்பு கூடும் என்று சொல்வார்கள். ஈரச் சாலையில் டயர் தண்ணீரை வெட்டி ஒதுக்கிச் சாலையைத் தொட வேண்டும். அதற்கு அழுத்தம் வேண்டும். காற்று குறைந்தால் பள்ளங்கள் நசுங்கி, டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் குறைந்துவிடும். மழையில் குறைக்க வேண்டியது வேகம்.

தோட்டத்துச் செம்மண் சாலை

காற்றைக் குறைப்பதற்கு நியாயம் உள்ள இடம் ஒன்று உண்டு. செம்பனைத் தோட்டத்துக்குள் கல்லும் செம்மண்ணும் கலந்த சாலையில், முழு அழுத்தத்தில் உள்ள டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். சாகச வகைப் பெரிய மோட்டார் ஓட்டுபவர்கள் அங்கே 25 பிஎஸ்ஐ வரை இறக்குவார்கள். டியூப் இல்லாத, கனமான டயருக்கு அது பொருந்தும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் ஏற்ற ஒரு சின்னப் பம்பும் அவர்கள் பெட்டியில் இருக்கும்.

டியூப் போட்ட பழைய கப்சாயில் இதைச் செய்வது நல்லதல்ல. காற்று குறைந்த டயர் கல்லில் இடித்தால், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும். போதாததற்கு, பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து டியூபையும் இழுத்துக்கொண்டு போகும். ரிம் ஓட்டையில் நேராக நிற்க வேண்டிய வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அதுதான் காரணம். பட்டறைக்காரர்கள் இதைப் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள்: இந்த வண்டி காற்று இல்லாமல் ஓடியிருக்கிறது. அப்படியே விட்டால் வால்வின் அடி கிழிந்து, ஒரே நொடியில் மொத்தக் காற்றும் போய்விடும். தோட்டத்தில் அது வெறும் தொல்லை. நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வரும்போது அப்படி ஆனால் விளைவு வேறு. டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால் பெரும்பாலும் மெதுவாகத்தான் இறங்கும். ஓரமாக நிறுத்த நேரம் கிடைக்கும்.

பனை மட்டையின் முள், டயருக்குள் ஒடிந்து நின்று பல நாள் கழித்து வேலையைக் காட்டக்கூடியது. தோட்டத்தில் ஓடும் வண்டியை நெடும்பயணத்துக்கு எடுப்பதற்கு முந்தின நாள், டயரைச் சுற்றிலும் கையால் மெதுவாகத் தடவிப் பார்ப்பது அளவியால் பார்ப்பதற்கு ஈடான வேலை.

காற்றால் ஈடுகட்ட முடியாதது

இளைஞர்கள் பலர் அழகுக்காகக் கப்சாயில் கம்பெனி டயரை எடுத்துவிட்டு மெலிந்த டயர் மாட்டுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் 38பி, 44பி, 50பி என்பது போல ஒரு குறி இருக்கும். எழுத்து வேகத்துக்கு, பி என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. எண் எடைக்கு. 38 என்றால் அந்த டயர் 132 கிலோ தாங்கும், 44 என்றால் 160, 50 என்றால் 190. அதுவும் முழு அழுத்தத்தில் இருக்கும்போது மட்டும். காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறையும். ஓட்டுபவர், மனைவி, பைகள், வண்டியின் பின்பாதி எடை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மெலிந்த டயரின் எல்லை எவ்வளவு சீக்கிரம் வந்துவிடும் என்று தெரியும். அதற்கு மேல் காற்றை ஏற்றினாலும் டயர் தாங்காது. நடுவில் குழந்தையையும் உட்கார வைத்து மூவர் போவது சட்டப்படி குற்றம் என்பது தெரிந்ததே. பின் டயருக்கு எவ்வளவு காற்று என்ற ஸ்டிக்கரில் அந்த மூன்றாவது ஆளுக்கு எண்ணே கிடையாது.

நைட்ரஜன் அடித்தால் நல்லதா என்ற கேள்வியும் எழும். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். காசு கொடுத்து அடிப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் அடித்துவிட்டோமே என்று மாதக்கணக்கில் அளக்காமல் விட்டால் கெடுதல்தான். எந்தக் காற்றானாலும் ரப்பர் வழியே மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகவே இறங்கும்.

இதுவரை எப்படி ஓட்டி வந்தோம் என்பதை டயரே காட்டும். நடுப்பகுதி மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் காற்று அதிகமாக வைத்து ஓட்டியிருக்கலாம். ஆனால் நேரான நெடுஞ்சாலையில் ஓடும் எந்த மோட்டாரிலும் நடுப்பகுதிதான் முதலில் தேயும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டு ஓரமும் தேய்ந்து, பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. அந்த டயருக்கு இனி சரியான காற்று அடித்துப் பயனில்லை. உள்ளே நடந்த சேதம் நடந்ததுதான். மாற்றிவிட வேண்டும். புது டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பார்க்கலாம்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது.

ஓடும்போதே தெரியும் அறிகுறிகளும் உண்டு. பின்பகுதி வளைவில் அசைந்தாடினாலோ, கைப்பிடி திரும்பக் கனத்தாலோ, பின்னால் இருப்பவர் "வண்டி ஆடுது" என்று சொன்னாலோ, அடுத்த ஓய்விடம் வரை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. பிரேக்கை அழுத்தாமல், முறுக்கியை மெல்ல விட்டு, இடது ஓரத்தில் தடுப்புக் கம்பிக்கு வெளியே போய் நிற்கப் பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்க வேண்டும்.

ஊர் போய்ச் சேர்ந்து மனைவியும் பைகளும் இறங்கியபின், பின் டயர் இன்னும் 41இல் இருக்கும். ஊருக்குள் தனியாக இரண்டு மூன்று நாள் ஓட்டுவதாக இருந்தால், மறுநாள் காலை டயர் குளிர்ந்தபின் அதை 33க்கு இறக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஆள் இல்லாத பின் சக்கரம் கம்பத்துச் சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளும். திரும்பும் நாள் விடியற்காலையில் மீண்டும் 41. வால்வு மூடியை மறக்காமல் திருகி விட வேண்டும். அந்தச் சின்னப் பிளாஸ்டிக் மூடிதான் மண்ணும் தண்ணீரும் வால்வுக்குள் போகாமல் தடுக்கிறது. எண்ணெய் நிலையத்துப் பம்பின் காலடியில் அவற்றில் பத்துப் பதினைந்து எப்போதும் கிடக்கும்.